மைனஸ் 18 டிகிரியில் ஒரு மாதப் பயணம்: இறாலும் வாழைப்பழமும் கெடாமல் கடல் தாண்டுவது எப்படி?

கடையில் இறால் வாங்கி, நம்ம வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் வாடை வந்துவிடும். ஆனால் ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் குளங்களில் வளரும் வனாமி இறால், ஒரு மாதத்துக்கும் மேல் கப்பலில் போய் அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் விற்பனைக்கு வருகிறது. எப்படி? 'ரீஃபர்' எனப்படும் குளிரூட்டப்பட்ட கண்டெய்னர்தான் காரணம்.

இது சின்ன வியாபாரம் இல்லை. கடல்சார் பொருட்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் கணக்குப்படி, 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் இருந்து 16.98 லட்சம் டன் கடல் உணவு ஏற்றுமதியானது. மதிப்பு 62,408 கோடி ரூபாய். அதில் உறைந்த இறால் மட்டும் 7.41 லட்சம் டன். அதை அதிகம் வாங்கிய நாடு அமெரிக்கா.

ரீஃபர் கண்டெய்னர் என்றால் என்ன?

வெளியில் இருந்து பார்த்தால் வெள்ளை நிறத்தில் ஒரு இரும்புப் பெட்டி. பெரும்பாலும் 40 அடி நீளம். ஒரு முனையில் கதவு, மறுமுனையில் கம்ப்ரஸரும் ஃபேனும் உள்ள குளிரூட்டும் இயந்திரம். சுவர்களுக்குள் வெப்பம் புகாமல் தடுக்கும் ஃபோம். பொதுவாக மைனஸ் 30 முதல் பிளஸ் 30 டிகிரி செல்சியஸ் வரை எந்த வெப்பநிலையையும் இதில் செட் செய்யலாம்.

குளிர்ந்த காற்று தரையில் உள்ள பள்ளங்கள் வழியாக ஓடி, சரக்கைச் சுற்றி மேலே ஏறி, மீண்டும் இயந்திரத்துக்கே திரும்பும். உள் சுவரில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதற்கு மேல் பெட்டி அடுக்கக் கூடாது. 'இடம் இருக்கே' என்று நாலு பெட்டி கூடுதலாக ஏற்றினால் காற்று திரும்பும் வழி அடைபடும்.

முக்கியமான இன்னொரு விஷயம், கரன்ட். கப்பலிலும் துறைமுகத்திலும் பிளக் பாயின்ட்டில் இருந்து மின்சாரம் கிடைக்கும். லாரியில் போகும்போது டீசல் ஜெனரேட்டர் வேண்டும்.

இது குளிர வைக்கும் பெட்டி இல்லையா?

இங்கதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஏற்கெனவே குளிர்ந்த பொருளை அதே குளிரில் வைத்திருப்பதுதான் ரீஃபரின் வேலை. சூடான பொருளை உறைய வைக்கும் அளவுக்கு அதன் இயந்திரத்துக்குச் சக்தி கிடையாது.

அதனால் இறாலை உறைய வைக்கும் வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும். குளத்தில் பிடித்ததும் ஐஸில் போட்டு, தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து, தலை நீக்கி, சுத்தம் செய்து, வேகமாக உறைய வைப்பார்கள். மேலே மெல்லிய பனிப்பூச்சும் கொடுப்பார்கள். இறால் காய்ந்து போகாமல் இருக்க அதுதான் கவசம். பிறகு குளிர்கிடங்கில் இருந்து நேராக ரீஃபருக்குள் ஏற்ற வேண்டும். நடுவில் இறால் இளகிவிட்டால், ரீஃபரால் அந்தச் சேதத்தைச் சரிசெய்ய முடியாது.

வாழைப்பழத்துக்கும் மைனஸ் 18தானா?

இல்லவே இல்லை. இறால் உயிரில்லாத சரக்கு. வாழைக்காய் அப்படி அல்ல. வெட்டிய பிறகும் சுவாசிக்கும், வெப்பத்தை வெளியிடும். அதற்குத் தேவை 13 முதல் 14 டிகிரி. அதற்குக் கீழே போனால் தோல் மங்கிச் சாம்பல் நிறமாகும், சரியாகப் பழுக்காது. ஆப்பிளுக்கோ 0 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும். 'எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது' என்ற கணக்கு இங்கே எடுபடாது.

ஆப்பிள் போன்ற பழங்கள் எத்திலீன் வாயுவை வெளியிடும். அது பக்கத்தில் இருக்கும் காயையும் பழுக்க வைத்துவிடும். எனவே, எதை எதோடு ஏற்றுவது என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். சில ரீஃபர்களில் ஆக்சிஜனைக் குறைத்து, கார்பன் டை ஆக்சைடைக் கூட்டி, பழுப்பதைத் தள்ளிப்போடும் வசதியும் உண்டு.

2023 நவம்பரில் மகாராஷ்டிராவின் பாராமதியில் இருந்து நெதர்லாந்துக்குக் கப்பலில் வாழைப்பழம் சோதனை முறையில் அனுப்பப்பட்டது. இப்படி அனுப்பும்போது தார் எந்த முதிர்ச்சியில் இருக்கும்போது வெட்ட வேண்டும் என்பதையே பயண நாட்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதே ஆண்டு இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. ஐரோப்பாவுக்கான பயணம் சுமார் 10 நாள் முதல் 2 வாரம் வரை கூடியது. உறைந்த இறாலுக்கு அது கூடுதல் செலவு. பச்சை வாழைக்கோ, கப்பலிலேயே பழுத்துவிடும் ஆபத்து.

அது என்ன மைனஸ் 18 கணக்கு?

ஃபாரன்ஹீட் அளவில் 0 டிகிரி என்பது செல்சியஸில் கிட்டத்தட்ட மைனஸ் 18. அந்த முழு எண்தான் உலகம் முழுக்க உறை உணவுக்கான அளவாக நிலைத்துவிட்டது.

இதை மைனஸ் 15 ஆக்கினால் என்ன என்ற விவாதமும் நடக்கிறது. 2023-ல் துபாயில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டை ஒட்டி, 'டிபி வேர்ல்ட்' உள்ளிட்ட நிறுவனங்கள் இதற்காக ஓர் அமைப்பைத் தொடங்கின. வெப்பநிலையை மூன்று டிகிரி கூட்டினால் மின்சாரமும் கார்பன் வெளியேற்றமும் குறையும் என்பது அவர்கள் வாதம். ஆனால் இறக்குமதி செய்யும் நாடும், வாங்கும் கடையும் மைனஸ் 18 கேட்கும் வரை, ஏற்றுமதியாளர் தானாக மாற்ற முடியாது.

எங்கே சொதப்புகிறது?

நடுக்கடலில் ரீஃபர் ஓரளவு பாதுகாப்பாகவே இருக்கும். கப்பல் ஊழியர்கள் கண்காணிப்பார்கள். ஆபத்து அதிகம், ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்கு மாறும் இடங்களில்தான்.

* தொழிற்சாலை வாசலில்: கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக லோடு ஏற்றினால் வெயில் காற்று உள்ளே போய்விடும்.
* லாரியில்: ஜெனரேட்டர் பழுதானாலோ, டீசல் தீர்ந்தாலோ குளிர் இறங்கும்.
* வேறு கப்பலுக்கு மாற்றும் துறைமுகத்தில்: பிளக்கைக் கழற்றி, பெட்டியை இறக்கி, யார்டில் மறுபடி மாட்ட வேண்டும். அதில் தாமதமானால் சிக்கல்.
* காகிதத்தில்: புக்கிங் படிவத்தில் மைனஸ் குறி விடுபட்டால், மைனஸ் 18 என்பது பிளஸ் 18 ஆகிவிடும். ஃபாரன்ஹீட் 0 என்று எழுத வேண்டிய இடத்தில் வெறும் 0 என்று எழுதினாலும் அதே கதிதான்.

கெட்டுப்போனால் யாருக்கு நஷ்டம்?

ரீஃபரில் உள்ள கருவி வெப்பநிலையைத் தொடர்ந்து பதிவு செய்யும். பல ஏற்றுமதியாளர்கள் சரக்குக்கு நடுவே தனியாக ஒரு 'டேட்டா லாகர்' வைப்பதும் உண்டு. சரக்கு கெட்டால், எந்த நாளில், யார் கையில் இருந்தபோது குளிர் இறங்கியது என்பதை இந்தப் பதிவுகள் காட்டிக்கொடுக்கும். இழப்பீடு கேட்க அதுதான் ஆதாரம்.

அதற்காகத்தான் ஏற்றும் நேரத்திலேயே இறாலின் உள் வெப்பநிலையை அளந்து எழுதி வைப்பது அவசியம். பெட்டி சரியாக வேலை செய்தது என்று பதிவு சொல்லி, ஏற்றும்போது சரக்கு எந்த நிலையில் இருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றால், பழி ஏற்றுமதியாளர் தலையில்தான் விழும். வாங்குபவர் சரக்கைத் திருப்பினால், போக்குவரத்துச் செலவும் அவர் தலையில்தான். அந்த இழப்பின் சுமை கடைசியில் இறால் குளத்து விவசாயிக்குக் கிடைக்கும் விலையிலும் எதிரொலிக்கலாம்.

இந்த முறை எப்போது தொடங்கியது?

1882 பிப்ரவரி 15-ம் தேதி நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸில் இருந்து 'டனெடின்' என்ற பாய்மரக் கப்பல், நீராவி இயந்திரத்தால் இயங்கிய குளிரூட்டியுடன் கிளம்பியது. உள்ளே சுமார் 5,000 உறைந்த ஆட்டிறைச்சி உடல்கள். மூன்று மாதத்துக்கும் மேல் பயணித்து மே மாதம் லண்டன் போய்ச் சேர்ந்தது. இறைச்சி கிட்டத்தட்ட முழுவதும் நல்ல நிலையில் இருந்தது. நியூசிலாந்தின் இறைச்சி ஏற்றுமதிக்கு வழி திறந்த பயணம் அது.

கடையில் வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

உறைந்த இறால் பாக்கெட்டைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள். தனித்தனியாக உறைய வைத்த இறால் என்றால் கலகலவென்று பிரிந்து ஆட வேண்டும். எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தாலோ, பாக்கெட்டின் அடியில் தண்ணீர் தேங்கி உறைந்திருந்தாலோ, வழியில் எங்கோ இளகி, மறுபடி உறைந்திருக்க வாய்ப்பு அதிகம். மொத்தமாக பிளாக்காக உறைய வைத்த இறாலுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுபோகும் அரை மணி நேரமும் அந்தக் குளிர் சங்கிலியின் ஒரு கண்ணிதான். அதனால் இறாலைக் கடைசியாக எடுத்து, நேராக வீட்டு ஃப்ரீஸருக்குக் கொண்டுபோங்கள்.