நிஜக் காரைக் கழற்றிப் போட்டவர்



விளையாட்டுக் காரைக் கழற்றிப் போட்ட பிள்ளைக்கு நாம் ஏசுகிறோம். ஜப்பானில் ஒருவர் நிஜக் காரையே கழற்றிப் போட்டார்.

தமியா கம்பனி 1946இல் ஷிசுவோகா நகரில் மர ஆலையாகத் தொடங்கியது. மறுவருடம் மரத்தாலான மாதிரிகளையும் செய்யத் தொடங்கினார்கள். 1951இல் மரக் களஞ்சியம் தீயில் எரிந்தது. பின்னர் மர வியாபாரத்தைக் கைவிட்டு மாதிரிகளையே தொழிலாக்கினார்கள். 1960இல் வந்த முதலாவது பிளாஸ்டிக் மாதிரி, யமாட்டோ போர்க்கப்பல். வேறொரு கம்பனி அதே கப்பலை மலிவாக விற்றதால் அதிலும் நட்டம்.

ஆனாலும் விடவில்லை. துண்டுகளை நாமே ஒட்டி, நிறம் பூசிக் கட்டும் கார்ப் பெட்டிகள் வந்தன. போர்ஷே காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்ய முனைந்தபோது, எடுத்த படங்கள் போதவில்லை. ஸ்தாபகரின் மகன் ஷுன்சாகு தமியா ஒரு போர்ஷே 911ஐ வாங்கி, உள்ளே இருப்பதைப் பார்க்கக் கழற்றினார். 1976இல் போர்ஷே 934 பந்தயக் காரின் மாதிரி கடைக்கு வந்தது.

அடுத்த முறை பிள்ளை எதையாவது கழற்றினால், ஏசுவதற்கு முன் "உள்ளே என்ன மகன் இருந்தது?" என்று கேட்போம். திரும்பப் பூட்டும்போது நாமும் பக்கத்தில் இருப்போம்.