மணியாசனமும் ‘எமது’ என்னும் சொல்லும்

கைக்கொண்டாரின் மனத்தைத் திரியச் செய்யும் அரும்பொருளைப் பற்றிய கதை உலகின் பல நாடுகளிலும் வழங்குகின்றது. கிரேக்க ஞானியாகிய பிளேட்டோ தமது ‘குடியரசு’ என்னும் நூலில், அணிந்தாரின் உருவை மறைக்கும் மோதிரமொன்றைப் பெற்ற லிதிய நாட்டு இடையன் அரசனைக் கொன்று அரியணை ஏறிய வரலாற்றைக் கூறுகின்றார். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியரான டோல்கீன் 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளியிட்ட ‘மோதிரங்களின் தலைவன்’ என்னும் நெடுங்கதையும் அத்தகைய மோதிரமொன்றையே நடுப்பொருளாகக் கொண்டது. இவ்வகைக் கதை மேனாட்டார்க்கே உரியது என எண்ணுவோர் இலங்கையின் பழைய நூல்களை நோக்குவாராயின் வியப்புறுவர். பாளி மொழியிலமைந்த மகாவமிசத்தின் முதலாம் அதிகாரத்திலும், தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையின் எட்டாம் காதையிலும் மணியாசனமொன்றன் கதை இடம்பெறுகின்றது. அவ்வாசனத்தின்பால் எழுந்த வேட்கை இரண்டு அரசரைப் படையொடு களத்திற்கு இழுத்தது.

மகாவமிசம் கி. பி. 5ஆம் நூற்றாண்டளவில் மகாநாம தேரரால் இயற்றப்பெற்றதென்பர். புத்தர் மெய்யுணர்வு பெற்ற 5ஆம் ஆண்டில் நாகதீபத்திற் பெரும்போர் மூளவிருந்ததென அந்நூல் கூறும். போருக்கு எழுந்தோர் மகோதரன் என்னும் நாகவேந்தனும், அவன் தங்கையின் மகனாகிய சூளோதரனும் ஆவர். தங்கை கண்ணவட்டமானம் என்னும் மலையை ஆண்ட நாகவேந்தனுக்கு வாழ்க்கைப்பட்டவள். தந்தை அவளுக்கு மணியாசனமொன்றை அளித்திருந்தான். அதுபற்றியே மாமனும் மருமகனும் பகைத்தனர். களனியை ஆண்ட மணியக்கிகன் என்பானும் போரிற் பங்குகொள்ள வந்திருந்தான். அவன் மகோதரனுக்குத் தாய்மாமன். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையினரையும் ஓர் இருக்கை ஒருங்கே களத்தில் நிறுத்தியது.

புத்தர் அப்போர்க்களத்தின் மேலே வானில் தோன்றி, முதலில் இருளைப் பரப்பி நாகரை அஞ்சச் செய்தார்; பின்னர் ஒளியைக் காட்டித் தேற்றி அறம் உரைத்தார். இருதிறத்தாரும் மனம் ஒன்றி ஆசனத்தை அவருக்கே அளித்தனர். அவர் அதன்மீது அமர்ந்து, பின்னர் வழிபாட்டிற்குரியதாக அதனை நாகரிடமே விட்டுச் சென்றார்.

மணிமேகலை இக்கதையை வேறோர் உருவிற் கூறுகின்றது. அக்காப்பியம் தோன்றிய காலத்தை அறிஞர் பலவாறு கணிப்பர். மணிபல்லவத் தீவில் மணிமேகலை காணும் பீடிகை மும்முழம் உயர்ந்து, ஒன்பது முழம் அகன்றது. தன்னைத் தொழுதார்க்குப் பழம்பிறப்பை உணர்த்தும் ஆற்றலுடையது. நாகநாட்டரசர் இருவர் அதனைத் தத்தமக்கே உரியதென்று வந்தனர். அவர்களாற் பீடிகையைப் பெயர்த்து எடுக்கவும் இயலவில்லை. அதன்மீது கொண்ட பற்றை விடவும் இயலவில்லை. ஆகவே கண் சிவந்து, நெஞ்சு புகைந்து, பெரும்படையொடு பொருதனர். அப்பொழுது புத்தர் தோன்றிப் போரை ஒழிக்குமாறு பணித்து, அப்பீடிகை தம்முடையதெனக் கூறி அமர்ந்து அறம் உரைத்தார்.

இவ்விரு வடிவங்களுக்கும் இடையிலான வேறுபாடு ஆராயத்தக்கது. மகாவமிச ஆசிரியர் இதனை உரிமை வழக்காகக் காட்டுகின்றார். யார் மகள், யார் மகன், யார் யாருக்குக் கொடுத்தது என்பன அவருக்கு இன்றியமையாதன. ஈண்டு நேர்ந்தது சீதனப் பொருள்பற்றிய பிணக்கு. வழக்குமன்றங்களை அறிந்த எவரும் எளிதில் விளங்கிக்கொள்ளத்தக்கது. சாத்தனாரோ உறவையும் உரிமையையும் அறவே நீக்கிவிட்டார். அரசர் இருவரும் பெயரற்றவராய், நியாயமற்றவராய் நிற்கின்றனர். எடுத்துச் செல்ல முடியாத ஒன்றைத் தமதென்று கூறி மடிகின்றனர் என்பதே எஞ்சுகின்றது. வரலாற்று நூல் போரின் காரணத்தைக் கூறுகின்றது. காப்பியமோ பற்றின் இயல்பைக் கூறுகின்றது.

காப்பியத்தில் மற்றுமொரு நுட்பம் உண்டு. அரசர் இருவரும் கூறிய சொல்லையே புத்தரும் கூறுகின்றார். ‘எமது’ என்ற சொல் அவர்கள் வாயிற் போரை எழுப்பியது. பற்றற்ற முனிவர் வாயில் அதே சொல் போரை நிறுத்தியது. ஆசனம் மாறவில்லை, அதற்கு உரிமை பேசிய நெஞ்சமே மாறியது. எனவே கேடு ஆசனத்தின்கண் இருந்ததென்பது சாத்தனார் கருத்தன்று என்பது தெளிவு. அறமுரைத்தற்கென இந்திரன் இட்ட நல்லிருக்கையே தகாத வேட்கையாற் குருதிக்குக் காரணமாயிற்று.

விட்டுணு புராணம் கூறும் சியமந்தக மணியின் கதையும் இதனோடு ஒப்பிடற்குரியது. ஞாயிற்றுக் கடவுளிடம் சத்திராசித்து பெற்ற அம்மணி நாள்தோறும் பொன் தருவது. தூயோரிடத்து நன்மையும் தூய்மையற்றோரிடத்துக் கேடும் பயப்பது. அதனை அணிந்து வேட்டைக்குச் சென்ற பிரசேனனைச் சிங்கம் கொன்றது. சிங்கத்தைச் சாம்பவான் கொன்றான். சாம்பவான் அதனைத் தன் குழந்தைக்கு விளையாட்டுப் பொருளாகக் கொடுத்தான். நகரில் ஐயத்தையும் கொலையையும் விளைத்த மணி, குகையில் அழுகையைத் தணிக்கும் கிலுகிலுப்பையாயிற்று. மீண்டும் நகருக்கு வந்ததும் சததன்வன் அதற்காகச் சத்திராசித்தைக் கொன்றான். மணியைக் கண்ணன் மறைத்தான் என்று தமையனாகிய பலராமனே ஐயுற்றுப் பிரிந்தான். இறுதியில் கண்ணன் அதனைத் தானும் கொள்ளாது, தன் உறவினர்க்கும் கொடாது, நாட்டின் நன்மைக்காக அக்குரூரரிடமே இருக்கச் செய்தான். தன் தகுதியின்மையைத் தலைவன் தானே எடுத்துரைத்து ஒதுங்குதல் அக்கதையின் உயிர்ப்பகுதி எனலாம்.

டோல்கீனின் கதையிலும் ‘என்னுடையது’ என்னும் சொல்லே முதற் கொலைக்கு வித்தாகின்றது. சுமீகோல் என்பான் தன் பிறந்தநாட் பரிசாக அம்மோதிரத்தை வேண்டி, அதனைக் கண்டெடுத்த தோழனைக் கழுத்தை நெரித்துக் கொன்றான். அதனை அழிப்பதற்கென்றே எல்லாத் துன்பத்தையும் பொறுத்துச் சென்ற புரோடோ, எரிமலையின் விளிம்பை அடைந்ததும் அது தன்னுடையதென்று கூறி அணிந்துகொள்கின்றான். டொம் பொம்படில் என்னும் காட்டுவாசி ஒருவனை மட்டும் அது தீண்டவில்லை. அவன் அதனை விரலில் இட்டு விளையாடித் திருப்பிக் கொடுக்கின்றான். சாம்பவானின் குழந்தைக்கு அவன் உடன்பிறந்தான் போலும். ஆயினும் அவனிடம் மோதிரத்தை ஒப்படைத்தால் எங்கேனும் போட்டு மறந்துவிடுவான் என்று பெரியோர் அஞ்சினர். வேட்கையின்மை ஒன்றே காவலுக்குப் போதாதென்பது அதன் பொருள்.

எனினும், இருவகைக் கதைகளுக்கும் அடிப்படையில் வேறுபாடு உண்டு. டோல்கீனின் மோதிரம் பிறரை அடிமை கொள்ளும் நோக்கத்துடன் கொடியோன் ஒருவனால் தன் ஆற்றலின் பெரும்பகுதியைப் பெய்து வார்க்கப்பட்டது. ஆதலின் அதனை நன்மைக்குப் பயன்படுத்துதல் இயலாது. தீயில் அழித்தலே வழி. மணியாசனத்தின் தோற்றம் தூயது. ஆதலின் அதனை அழிக்க வேண்டிய தேவை எழவில்லை. ஒருவர் உடைமை என்ற நிலையினின்றும் பலர் வழிபடும் பொருள் என்ற நிலைக்கு உயர்த்தினாற் போதுமானதாயிற்று.

அவ்வாறு உயர்த்தப்பட்ட பொருள் என்ன செய்யும் என்பதையும் மணிமேகலையே காட்டுகின்றது. மதுரையிற் சிந்தாதேவி ஆபுத்திரனுக்கு அளித்த அமுதசுரபி, எடுக்க எடுக்கக் குறையாத உணவைத் தருவது. அதனைக் கொண்டு அவன் ஏற்றோர் அனைவரையும் ஊட்டினான். பின்னர் அவன் ஏறிச் சென்ற மரக்கலம் அவனை மணிபல்லவத்தில் தனியே விட்டுச் சென்றது. உண்பார் எவருமில்லா அத்தீவில் அப்பாத்திரத்தால் தன்னுயிரை மட்டும் காத்துக்கொள்ள அவன் உடன்படவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தான். அருளறம் பேணுவோர் வருவாராயின் அவர் கையைச் சேர்க என்பதே அவன் வேண்டுகோள். அது பின்னர் மணிமேகலையின் கையை அடைந்து புகார் நகரத்தின் பசியைத் தீர்த்தது. அரசர் இருவர் போரிட்ட தீவிலேயே இத்துறவும் நிகழ்ந்ததாகச் சாத்தனார் அமைத்தமை தற்செயலானதன்று.

வரலாற்று மாணவர்க்கு இக்கதை மற்றொரு பாடத்தையும் வைத்திருக்கின்றது. புத்தர் இலங்கைக்கு வந்தமைக்குப் பழைய பாளித் திரிபிடக நூல்களிற் சான்றில்லை. ஆயினும் நாகதீபம் என்னும் பெயர் வெறுங்கற்பனையன்று. யாழ்ப்பாணத்து வல்லிபுரத்தில் 1936ஆம் ஆண்டிற் கிடைத்த பொன்னேட்டை ஆராய்ந்த பரணவிதான, வசப மன்னன் காலத்தில் நாகதீபம் ஓர் அமைச்சனால் ஆளப்பட்டதென அதனை வாசித்தார். அவ்வாசிப்பின்படி அப்பெயர் வடபுலத்துப் பரப்பொன்றைக் குறித்தல் வேண்டும். நயினாதீவே மணிபல்லவம் என்பாரும் உளர். அதனை மறுப்பாரும் உளர். அத்தீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் அண்மையில் அமைந்துள்ளன. கொட்டாஞ்சேனைக்கு வடக்கே கடலோடு கலக்கும் களனி கங்கையின் கரையிலுள்ள களனி விகாரையோ, புத்தர் அமர்ந்து அறமுரைத்த மணியாசனம் தன் தாதுகோபத்தினுள் உள்ளதென நம்புகின்றது.

இங்ஙனம் ஒரே கதையைப் பாளியும் தமிழும் பேணி வந்தன. வடக்கும் மேற்கும் அதற்கு இடம் அளித்தன. பாளி நூல் தமிழ்க் காப்பியத்தினின்று எடுத்ததா, காப்பியம் பாளி மரபினின்று எடுத்ததா என்னும் வினா ஆராய்ச்சிக்குரியதே. ஆயின் அவ்வினா, அக்கதை எம் இனத்திற்கே உரியது, அத்தீவு எம் முன்னோருக்கே உரியது என்ற பூசலாக மாறுமிடத்து, ஆராய்வோரே மகோதரனும் சூளோதரனும் ஆகிவிடுகின்றனர். உடைமை வேட்கையைக் கண்டிக்க எழுந்த கதையே உடைமைப் பொருளாகிவிடுதல் வருந்தத்தக்கது.

இலங்கையில் வாழும் இரு மொழியினர்க்கும் முன்னோர் இக்கதையைப் பொதுச் செல்வமாக விட்டுச் சென்றனர். அதனை எடுத்துச் செல்ல முயல்வோர், அந்நாகவேந்தர் இருவரையும் போலவே, அது பெயராது நிற்பதைக் காண்பர். அதன் முன்னே அமர்ந்து அது கூறும் அறத்தைக் கேட்போருக்கு அது முழுவதும் உரியதாகும்.