எந்த ஆண்டுக்குத் திருப்புவது? யாழ்ப்பாணத்துப் பழைய கார்களின் பூச்சும் டாஷ்போட்டும்

வலிகாமத்துக் கராச் ஒன்றில் ஒஸ்ரின் ஏ40 டெவன் காரின் கதவொன்றை அரத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு வாங்கில் இருந்து பார்த்தேன். மேலே கறுப்பு. அதன் கீழே சாம்பல். அதற்கும் கீழே தூரிகையால் பூசிய பச்சை எனாமல்; தூரிகை மயிர் இழுத்த கோடுகள் அப்படியே தெரிந்தன. பிறகு விரல் தடிப்பில் பட்டி. பட்டியைச் சுரண்டினால் காரின் தகரம் வரவேண்டும். வந்ததோ பீப்பாயில் வெட்டி ஒட்டவைத்த வேறொரு தகரம். தொழிற்சாலையில் பூசிய நிறம் கதவின் உள்விளிம்பில், ரப்பர் மறைத்திருந்த இடத்தில், ஒரு விரற்கடை அளவுக்கு மிஞ்சியிருந்தது.

பழைய காரைப் புதுப்பிப்பது என்றால் அது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு மீட்பது என்பதுதான் உலகெங்கும் வழங்கும் வரையறை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கார்களுக்கு இந்த வரையறை சரிவராது என்பது இக்கட்டுரையின் வாதம். இங்கே கார்கள் கொட்டகையில் கிடந்து பழையனவாகவில்லை, ஓடிக்கொண்டே மாறின. அதிகம் மாறியவை இரண்டு: தகரத்தின் மேலுள்ள பூச்சு, சாரதிக்கு முன்னாலுள்ள டாஷ்போட். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காலம் குறிக்கக்கூடிய காரணம் உண்டு.

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்கு பங்கீட்டில் இருந்தது. ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைக்கே முன்னுரிமை. அந்த நெருக்கடியில் பிறந்தவைதான் டெவன் (1947-52), அதன் பின்வந்த சோமசெற் (1952-54), 1948இல் அறிமுகமான மொறிஸ் மைனர். 1954இலிருந்து கேம்பிறிட்ஜ் தொடர்ந்தது. இலங்கைக்கு வந்த இவை குடாநாட்டில் வாடகைக் கார்களாகவும் டொக்டர், பிரக்கிராசி வீட்டுக் கார்களாகவும் நிலைத்தன. டெவனின் எஞ்சின் 1200 சிசி, 40 குதிரைவலு. ‘40’ என்ற பெயரே அதிலிருந்து வந்தது. அமுக்க விகிதம் 7.2க்கு 1 மட்டுமே. பிரித்தானியாவில் 1953வரை விற்ற ‘பூல்’ பெற்றோல் தரம் குறைந்தது. அதற்கேற்ப எஞ்சினையும் மென்மையாகச் செய்தார்கள். இந்தச் சின்ன எண்ணை வாசகர் நினைவில் வைத்திருக்கட்டும். நாற்பது ஆண்டுகள் கழித்து அது திரும்பி வரும்.

1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடி கார் இறக்குமதியைக் கட்டிப்போட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை புதுக்கார் வாங்குவது சாதாரண ஆளுக்குக் கனவு. அதே இறக்குமதித் தடைதான் 1970களில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை தந்து குடாநாட்டு விவசாயியின் கையில் காசு புழங்கவைத்தது என்பது பலரும் எழுதிய செய்தி. காசு இருந்தது, புதுக்கார் இல்லை. அப்படியான ஊரில் தகரவேலைக்காரனுக்கு மதிப்பு ஏறாமல் என்ன செய்யும்?

தகரவேலைக்கு இங்கே முதல் எதிரி உப்பு. மூன்று பக்கம் கடல், நடுவே கடல்நீரேரி. வாடைக்காற்று மழையையும் ஈரத்தையும் கொண்டுவரும். சோளகம் புழுதியைக் கொண்டுவரும். ஈரமான நாளில் செல்லுலோஸ் பெயின்ற் அடித்தால், தின்னர் ஆவியாகும் வேகத்தில் பூச்சு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளை பூத்துவிடும். சோளகத்தில் அடித்தால் காயுமுன்னே மண் ஒட்டும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் காற்றடங்கிய வெயில் நாட்களுக்காகப் பெயின்ற்காரர் காத்திருப்பார்.

பிறைமர் வேலையில் குடாநாட்டில் கவனமாகத் தேரவேண்டியது தண்ணீர். பிறைமரின் மேல் கறுப்பைப் பனிபோல் மெல்லத் தூவி, காய்ந்தபின் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார்கள். மேட்டில் கறுப்பு அழியும், பள்ளத்தில் தங்கும். தங்கிய இடத்தில் மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. கண் ஏமாறும் இடத்தில் உள்ளங்கை ஏமாறாது என்று, கண்ணை மூடித் தடவிப் பார்ப்பவர்களும் உண்டு. இந்தத் தேய்ப்புக்குச் சவர்க் கிணற்றுத் தண்ணீரை எடுத்தால் வேலை வீண். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு தங்கிவிடும். பூச்சின் ஊடாக ஈரத்தை உறிஞ்சி இழுக்கும். சில மாதத்தில் போனற் முழுவதும் கொப்புளம். குடிக்கிற நல்லதண்ணியில்தான் கார் தேய்க்கவேண்டும் என்று பழைய கைகாரர் சொல்வதைக் கேட்டு ஒருகாலம் நானும் சிரித்திருக்கிறேன். வேதியியல் அவர்கள் பக்கம்.

இன்னொன்று: செல்லுலோஸ் பிறைமர் நுண்துளை கொண்டது, ஈரத்தைத் தடுக்காது. காசு முடிந்து காரைப் பிறைமரோடு மாதக்கணக்கில் நிறுத்தினால் உள்ளே துரு நடந்துகொண்டேயிருக்கும். இப்போது எபொக்சி பிறைமர் அந்தக் குறையைத் தீர்த்திருக்கிறது. ஆனால் இரண்டு பகுதி கலந்து அடிக்கும் புதிய பூச்சுகள் பலவற்றில் சேரும் கடினப்படுத்தியின் ஆவி நுரையீரலைக் கெடுப்பது. அதைக் கைலேஞ்சியை மூக்கில் கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். இதை நான் பாராட்டி எழுதமாட்டேன்.

பூச்சின் வரலாற்றில் இலக்கத் தகட்டையும் சேர்க்கவேண்டும். சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளை இரண்டிரண்டாக எடுத்துப் போட்ட பழைய இலக்கங்களின் இடத்தில், பண்டாரநாயக்க அரசு சிங்கள ‘ஸ்ரீ’யைக் கொண்டுவந்தது. தமிழரசுக் கட்சி எதிர்ப்பு இயக்கம் நடத்தியது. 1958 ஜனவரியில் உருவான இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்கள் அந்த எழுத்தோடு வடக்கே வந்தபோது அது மீண்டும் கொதித்தது. தாரும் தூரிகையும் அரசியல் கருவிகளாயின. சிங்கள எழுத்தை அழித்துத் தமிழ் ‘ஸ்ரீ’ எழுதினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் விழுந்தது. அவ்வாண்டு ஏப்ரலில், தமிழரசுக் கட்சியோடு பண்டாரநாயக்க செய்திருந்த பண்டா-செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. ஒரு காருக்கு வயது சொல்ல முதலில் தகட்டைப் பார் என்பது சேகரிப்பாளர் வழக்கம். குடாநாட்டில் தகடு வயதை மட்டும் சொல்வதில்லை.

இனி டாஷ்போட்; அதன் கதை போரில் தொடங்குகிறது. 1990 ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர் மீண்டும் மூண்டது. பெற்றோல், டீசல், பற்றறி, இரும்பு எல்லாம் வடக்குக்குத் தடை. மின்சாரமும் போயிற்று. மட்டுப்படுத்தி வந்த மண்ணெண்ணெய் ஒன்றுதான் எரிபொருள். திறந்த பொருளாதாரத்தோடு வந்த ஜப்பான் கார்களும் வான்களும் பழைய ஒஸ்ரின்களை அதற்குள் ஓரம்கட்டியிருந்தன. இப்போது ஒஸ்ரின்கள் வீதிக்குத் திரும்பின. இதை ஏக்கத்தோடு விவரிப்பவர்கள் ‘பழசு பழசுதான்’ என்று முடித்துவிடுகிறார்கள். காரணம் பொறியியல்.

முதற்காரணம் அந்த 7.2. மண்ணெண்ணெய் அமுக்கம் கூடினால் தன்பாட்டில் வெடித்து எஞ்சினைத் தட்டும். குறைந்த அமுக்கம் கொண்ட எஞ்சின் பொறுத்துக்கொள்ளும். அதே காலத்துப் பெர்குசன் உழவு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருளில் ஓடும் வகையொன்றைத் தொழிற்சாலையே செய்தது. இரண்டாவது, முன்பக்கம் நுழைத்துச் சுற்றும் ஹாண்டில். பற்றறி ஸ்ராட்டரைச் சுழற்ற முடியாத அளவுக்கு இளைத்தாலும் பொறி தர அதில் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் போதும், கை சுற்றிக் கிளப்பலாம். மூன்றாவது, ஏ40இன் எரிபொருள் பம்பை எஞ்சினே அசைக்கும். மைனரின் பம்ப் மின்சாரத்தில் இயங்குவது, பற்றறியை நம்பியிருப்பது. பலர் மைனரையே அழகி என்பார்கள். 1990 முதல் 1995 வரையான அந்தத் தடை ஆண்டுகளுக்கு என் வாக்கு டெவனுக்கு.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே ஒரு போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, சேலைன் குழாயால் காபுரேற்றருக்கு இறக்கி, அதில் கிளப்பிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு வரவேண்டும். இல்லாவிட்டால் அடுத்தநாள் காலை ஹாண்டிலோடு மல்லுக்கட்டவேண்டும். நான் பார்த்த டெவனில் இதற்காக டாஷ்போட்டின் கீழ்விளிம்பில் துளையிட்டு, சொக் இழுப்பதைப்போல இழுக்கும் கம்பியொன்றைப் பொருத்தியிருந்தார்கள். வெள்ளைப் புகை, கண் எரியும் வாடை, எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டி வழிந்து தண்ணியாகிப்போகும் எஞ்சின் ஒயில்: இவ்வளவையும் சகித்துக்கொண்டு நோயாளியும் ஓடினார், மாப்பிள்ளையும் ஓடினார். அந்த ஓட்டம் 1995 ஒக்ரோபர் 30 இரவு வரைதான்: இராணுவம் நெருங்க, வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி வெளியேறினார்கள்.

வடக்குக்கு இரும்பு தடையாக இருந்த அதே 1990களில் தென்னிலங்கைப் பட்டறை ஒன்றில் மைனருக்கான தகரப் பாகங்கள் அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தன. பாத் நகரில் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் தொடக்கிய முயற்சி அது. ஒரே தீவு. ஒரு முனையில் ஏற்றுமதிக்குப் புதிய மட்காட், மறுமுனையில் பீப்பாய்த் தகரம்.

போர் முடிந்த 2009க்குப் பிறகு இக்கார்களுக்கு இன்னொரு வாழ்க்கை. கல்யாண ஊர்வலத்துக்கு அலங்கரிக்க, புலம்பெயர்ந்தவர் தகப்பனின் காரைத் திரும்பப் பார்க்க, கொழும்பில் சேகரிக்க. கேட்பவர்கள் டாஷ்போட்டில் புளூடூத் கேட்கிறார்கள், போன் சார்ஜ் ஏற்றத் துளை கேட்கிறார்கள், மைல் காட்டும் மீற்றர் மட்டும் அப்படியே இருக்கவேண்டும் என்கிறார்கள். இந்த ஒஸ்ரின்களில் பற்றறியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய கருவிகளுக்கு எதிர்முனை வேண்டும். திருப்பாமல் வயர் கொடுத்தால் கருவி கருகும். கைகாட்டிக்குப் பதில் மினுக்கும் விளக்கு வந்தது பழைய கதை; தூணில் கைகாட்டி மடிந்து படுத்த பிளவைப் பட்டி வைத்து மூடியிருப்பார்கள், தேய்க்கும்போது தெரியும்.

அந்த வலிகாமத்து டெவனின் டாஷ்போட்டையும் கழற்றி வைத்திருந்தார்கள். கீழ்விளிம்பில் மண்ணெண்ணெய்க் கம்பிக்கான துளை, கிட்டத்தட்ட ஒரு ரூபாய்க் குற்றி அகலம், விளிம்பில் இன்னும் கரி. ஒட்டி மூடினால் 1950இன் டாஷ்போட் கிடைக்கும், விட்டால் 1992இனது. சொந்தக்காரர் ரொறன்ரோவில். படம் எடுத்து அனுப்பியாயிற்று, பதில் வரவில்லை என்றார் வேலைக்காரர். மற்ற இடமெல்லாம் சாம்பல் பிறைமர் அடித்துக் காய்ந்திருந்தது. துளையைச் சுற்றி மட்டும் ரேப் ஒட்டி, வெறும் தகரமாக விட்டிருந்தார்.