ஜவ்வாது மலையடிவாரமும் அளவைச் சங்கிலியும்

மலைபடுகடாம் பாடம் நடத்திய ஆண்டுகளில் மாணவர்களிடம் நான் தவறாமல் ஒரு வினா எழுப்புவதுண்டு: "இது பாட்டா, வழிப்படமா?" செங்கண்மா நகரத்து நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு எவ்வழியே ஏறுவது, எவ்விடத்தே கால் வழுக்கும், எந்தச் சிற்றூரில் எவ்வுணவு கிடைக்கும் என்பதையெல்லாம் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் விரித்துரைக்கிறார். செங்கண்மா இன்றைய செங்கம். நன்னனின் நவிரமலை இன்றைய பர்வதமலை என்பர் அறிஞர். ஜவ்வாது மலைப்பகுதிக்குச் சொல்லால் வரையப்பட்ட முதல் வழிப்படம் இதுவே எனலாம். பரிசில் வாழ்நர் வள்ளலைச் சேர்வதற்காக வரையப்பட்டது அது.

பல நூற்றாண்டுகளுக்குப் பின் இதே நிலத்துக்கு வேறொரு வகைப் படம் வந்தது. அது போரின் பின்னே வந்தது.

ஜவ்வாது மலைக்கு மேற்கே திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, தருமபுரி அடங்கிய பாராமகால். கிழக்கே போளூர், ஆரணி, வந்தவாசி எனப் பரந்த ஆர்க்காட்டுச் சமவெளி. இரண்டையும் இணைக்கும் வாயில்களுள் முதன்மையானது செங்கம் கணவாய். வணிகப் பொதி சென்ற வழியிலேயே படைகளும் சென்றன. 1767இல் செங்கத்தருகே ஆங்கிலேயரும் ஐதர் அலியும் பொருதனர். 1780இல் ஐதரின் பெரும்படை இக்கணவாய் வழியே இறங்கிக் கர்நாடகச் சமவெளியை நிறைத்தது. படை நடந்த பாதையில் உழவும் வணிகமும் நிலைப்பதில்லை.

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கும்பினியார் வசமாயின. அவற்றை ஆள அனுப்பப்பட்டவர் அலெக்சாண்டர் ரீடு என்னும் படைத்தலைவர். திருப்பத்தூரே அவர் தலைமையிடம். அவருக்குத் துணையாக வந்த இளைஞருள் ஒருவர், பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ. ஆள்வோர்க்கு அந்நிலம் புதிது. எனவே அளந்தறிவதே முதற்பணியாயிற்று.

வயல் வயலாக அளந்தனர். மன்றோ பின்னர்க் கடப்பை, பெல்லாரிச் சீமைகளில் நடத்திய அளவையில் முப்பத்து மூன்று அடிச் சங்கிலி பயன்பட்டது. அச்சங்கிலி நீளத்தைப் பக்கமாகக் கொண்ட சதுரம் ஒரு குண்டா. 40 குண்டா ஓர் ஏக்கர். குழி, காணி என ஊருக்கேற்பக் கணக்கிட்ட நம் முன்னோர்க்கு இது புதிய கணக்கு. ரீடின் அளவை நிலத்தோடு நிற்கவில்லை. குடிமக்கள், விளைபொருள், நிலவரி, சுங்கம் எனப் பகுதி பகுதியாகச் செய்திகள் திரட்டப்பெற்றன. பாராமகால் ஆவணங்கள் என்னும் பெயரில் அவை பிற்காலத்தே அச்சேறின.

அளவைக்கும் வணிகத்துக்கும் உள்ள தொடர்பு எளிது. தன் நிலத்துக்கு உரிய வரி இவ்வளவே என்று முன்கூட்டியே அறிந்த உழவன், எஞ்சுவது தனதென நம்பிப் பயிரிடுவான். எஞ்சியதே சந்தைக்கு வரும். 1796இல் ரீடு வெளியிட்ட அறிக்கை இந்நம்பிக்கையைத் தரும் நோக்கத்தது. ரயத்துவாரி முறைக்கு அதுவே வித்து என்பர். ஆயினும் படம் வரைந்த அளவில் பாதை திறந்துவிடவில்லை. சென்னை மாகாணத்தில் உள்நாட்டுச் சுங்கம் ஒழிந்தது 1844ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் இம்முயற்சி விரிந்தது. அடுத்த ஆண்டே வெல்லெஸ்லி பிரபு, பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவரை மைசூர், கன்னடம், மலபார் நாடுகளைச் சுற்றிவரப் பணித்தார். உழவு, கால்நடை, பருத்தி, மிளகு, சந்தனம், ஏலம், சுரங்கம், நெசவு ஆகியவற்றை ஆராய்ந்தெழுதுக என்பது ஆணை. 1800 ஏப்ரலில் சென்னையினின்று புறப்பட்ட அவர் காஞ்சி, ஆர்க்காடு, வேலூர் கடந்து, ஜவ்வாது மலையின் வடபுறத்துப் பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வழியே மேற்சென்றார். அவரது பயணக் குறிப்பு 1807இல் இலண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

அதே காலத்தில் மைசூர் நாட்டை அளந்தவர் காலின் மெக்கன்சி. நம் சமூகத்தார் நினைவில் நிறுத்தவேண்டிய பெயர் இங்கே வருகிறது. மெக்கன்சியின் துணைவருள் ஒருவர், மலையூரைச் சேர்ந்த சமணப் பண்டிதர் தருமையா. பழங்கன்னடக் கல்வெட்டுகளைப் படித்துப் பொருள் சொல்லும் ஆற்றலால் அவர் அக்குழுவுக்குக் கண்ணாக விளங்கினார். எல்லையும் சாலையும் குறிக்க வந்த அளவைப்பணி, கல்வெட்டும் ஏடும் திரட்டும் பணியாகவும் வளர்ந்தது. சமணர் பற்றி மெக்கன்சி திரட்டிய செய்தி 'ஆசிய ஆராய்ச்சிகள்' ஒன்பதாம் தொகுதியில் இடம்பெற்றது. 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரானவரும் இவரே. இவர் தொகுப்பின் பெரும்பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளது.

வரைபடத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. சமவெளி வயலுக்கேற்ற சங்கிலி, காட்டைத் திருத்தி இடம் மாற்றிச் சாமை விதைத்த மலையாளிப் பழங்குடியினர் வாழ்வுக்குப் பொருந்தவில்லை. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காப்புக்காடு என்னும் புதிய எல்லைக்கு வழிவகுத்தது. சந்தனம் அரசின் கணக்கில் ஏறித் திருப்பத்தூர்க் கிடங்குக்கு இறங்கிற்று. தேனும் புளியும் கொணர்ந்து நம் ஊர்ச் சந்தைகளில் விற்றவர்க்கோ, காலங்காலமாகத் தாம் நடந்த காடு அனுமதி வேண்டும் இடமாயிற்று. விலை உள்ளதைக் காட்டும் படம், வாழ்வோர் உரிமையையும் காட்டும் என்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எம் ஊர் ஜினாலயத்து நிலம் ஒன்றின் எல்லையில் ஐயம் எழுந்தது. இன்றைய பதிவேட்டில் புல எண் இருந்ததேயன்றி, அது எவ்வாறு கோயிலுக்குரியதாயிற்று என்பது இல்லை. முதியவர் ஒருவர் வீட்டுப் பரண்மேல் துணியில் சுற்றிக் கிடந்த பழைய இனாம் நகல், ஏரிக் கலங்கலையும் ஒரு புளியமரத்தையும் எல்லையாகக் கூறிற்று. மரம் இன்றில்லை, கலங்கல் இருந்தது. அதைக் கொண்டே எல்லை தெளிந்தது.

ஆதலின் இவ்விழா நாளில் ஒரு வேண்டுகோள். தங்கள் இல்லங்களில் உள்ள பழைய பட்டா, இனாம் நகல், கிராம வரைபடம், ஏட்டுச்சுவடி எதுவாயினும் வீசிவிடாதீர்கள். படியெடுத்து ஊர்க்கோயிலில் ஒரு பிரதி வையுங்கள். வணிகத்துக்காக அளந்தவர் தமக்கு வேண்டியதைக் குறித்துச் சென்றனர்; நமக்கு வேண்டியதை நாமே குறித்து வைத்தல் வேண்டும்.