நின்ற வண்டியும் கெட்ட எண்ணெயும்

கொரோனா பரவலைத் தடுக்க மலேசியாவில் 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஸ்ரீ கெம்பாங்கான் அடுக்குமாடிகளின் கீழே வரிசை வரிசையாகக் கார்கள் நின்றுபோயின. ஏப்ரலில் ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1.25 ரிங்கிட்டுக்கு இறங்கியும், எண்ணெய் அடித்துக்கொண்டு போக இடமில்லை.

வண்டி முடங்குவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமானபின் பொதுமக்களுக்குப் பெட்ரோல் அரிதானது. பஸ்கள் கரி வாயுவில் ஓடின. ஏற்றுமதிக்கு வழியின்றித் தேங்கிய ரப்பரையே காய்ச்சி வடித்து எரிபொருள் எடுத்தார்கள். அதே போர்க்காலத்தில் மதுரை டி.வி.எஸ். நிறுவனமும் வண்டிகளுக்கான கரிவாயுக் கருவியைச் செய்து விற்றது. பிரிட்டனிலோ 1942 ஜூலையில் சொந்தக் கார்களுக்கான அடிப்படைப் பெட்ரோல் பங்கீடே நின்றது. பலர் பேட்டரியைக் கழற்றி, டயரில் பாரம் விழாதபடி காரைக் கட்டைமேல் ஏற்றி வைத்தார்கள். 1945 ஜூனில்தான் பங்கீடு திரும்பியது.

அந்தப் பக்குவம் நம்மிடம் இல்லை. 2020-இல் பலரும் செய்தது, சில நாளுக்கொருமுறை ஐந்து நிமிடம் இன்ஜினை உறுமவிட்டு அணைத்தது. நல்லெண்ணத்தில் செய்த கெடுதல் அது. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரமே அதற்குள் பேட்டரிக்குத் திரும்பிவிடும் என்று சொல்ல முடியாது. இன்ஜின் நன்றாகச் சூடேறாததால் எரியும்போது பிறக்கும் நீராவி இன்ஜின் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் தங்கிவிடுகிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவைப்பதும், டயரில் காற்றைச் சற்றுக் கூட்டுவதும், கைப்பிரேக்கை விட்டுச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பதும் அதைவிட மேல். பெட்ரோலும் சும்மா இருப்பதில்லை. லேசான பகுதி ஆவியாகிவிட, மிச்சம் காற்றுப்பட்டுப் பிசினாகும். டாங்கியை நிரப்பி நிறுத்தினால் உள்ளே காற்றுக்கும் ஈரத்துக்கும் இடம் குறையும்.

டீசல் பள்ளி பஸ்களின் பாடு இன்னும் மோசம். ஆரம்பப்பள்ளியின் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பியது ஜூலை 22-இல். அதுவரை பல பஸ்களுக்கு ஓட்டமில்லை. மலேசியாவில் வாகன டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலப்பது 2019-இல் கட்டாயமானது. சாதாரண டீசலைவிட இந்தக் கலவை ஈரத்தை அதிகம் ஈர்க்கும். டாங்கியின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் அங்கே கிருமிகள் பெருகும். அவற்றின் கொழகொழப்பான கசடு ஃபில்டரை அடைக்கும். மாதக்கணக்கில் நின்ற பஸ்ஸை எடுக்குமுன் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி, தெளிந்த டீசல் வரும்வரை தண்ணீரை வடித்தாக வேண்டும்.