மாட்டுக்குள்ளே ஒரு பிரேக்

நான் சிறுவனாய் இருந்தபோது எங்கள் வீட்டுப் பசு இளைத்து இளைத்தே செத்தது. என்ன நோய் என்று சொல்ல ஆளில்லை. 2018-இல் மருத்துவ நோபல் செய்தி படித்தபோது அதன் ஞாபகம் வந்தது.

நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு பிரேக் போலச் சில புரதங்கள் உண்டு. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு ஒரு சின்னப் பெருமை: அவற்றில் சிடிஎல்ஏ-4 என்பதை 1987-இல் கண்டறிந்தது பிரான்சின் மார்செய் நகரக் குழு. 1992-இல் கியோட்டோவில் ஹோன்ஜோ குழு பிடி-1 என்பதைக் கண்டது. உடம்பு தன்னையே தாக்காமலிருக்க இந்த பிரேக் வேண்டும். ஆனால் நாள்பட்ட கிருமி இருந்தால், பிரேக் விழுந்தபடியே நின்றுவிடும்.

மாடுகளுக்கும் இதே கதிதான். லுக்கீமியா வைரஸ் ஒருமுறை தொற்றினால் ஆயுளுக்கும் போகாது. சில மாடுகளுக்குப் புற்றுக்கட்டி வரும். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தார் மாட்டின் பிடி-1 பிரேக்கை அழுத்தும் பிடி-எல்1 புரதத்தைத் தடுக்க, எலியின் எதிர்ப்பொருளை மாட்டு உடம்புக்கு ஒத்துப்போகும்படி மாற்றினார்கள். வைரஸ் தொற்றிய கன்றுக்குச் செலுத்தியதில் வைரஸ் அளவு குறைந்தது. 2017-இல் இது வெளியானது. அதே எதிர்ப்பொருளை நாய்க்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்ததில், புற்றுநோய் வந்த ஒன்றிரண்டு நாய்களுக்குக் கட்டி சுருங்கியது.

ஒரு கன்று தேறியதால் மட்டும் வைத்தியம் வந்துவிட்டதாகாது நண்பர்களே. ஆனாலும், பேர் தெரியாமல் செத்த எங்கள் பசுவின் காலத்திலிருந்து வெகுதூரம் வந்துவிட்டோம்.