பபிள்கம் படவட்டைகளின் தொடக்க வரலாறு: சான்றுகள் பற்றிய ஒரு நோக்கு

அரசாணை, கல்வெட்டு, நாணயம் ஆகியவற்றையே மூலங்களாகக் கொண்டு எழுதப்படும் வரலாறு, ஆள்வோரின் வரலாறாக அமைந்துவிடுவது பெரும்பாலும் தவிர்க்கவியலாதது. சாதாரண மக்கள், அவருள்ளும் சிறுவர், எவற்றைப் பார்த்தனர், எவற்றைப் படித்தனர், கையிலிருந்த சதத்தை எதற்காகச் செலவிட்டனர் என்பவற்றை அறிய விரும்புவோர் வேறு மூலங்களை நாட வேண்டியுள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் பபிள்கத்துடன் சேர்த்து விற்கப்பட்ட படவட்டைகள் அத்தகைய மூலங்களுள் ஒன்று. உள்ளங்கையில் அடங்கும் சிறு அட்டை, முன்புறத்தில் வண்ணப்படம், பின்புறத்தில் ஓர் இலக்கமும் சிலவரி விளக்கமும். 1930களில் பபிள்கத்துடன் சேர்த்து அதன் விலை ஒரு சதம்.

இவ்வட்டைகளை ஆராய்வோர் எதிர்கொள்ளும் இடர், பழந்தமிழ் நூல்களின் காலத்தைத் துணிய முற்படுவோர் எதிர்கொள்ளும் இடருக்கு ஒருவகையில் ஒப்பானது. பல தொகுதிகளில் வெளியீட்டு ஆண்டு குறிக்கப்படவில்லை. ஓவியரின் பெயரும் இல்லை. எனவே அகச்சான்றையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது. பேஸ்போல் ஆட்டக்காரர் ஒருவர் ஓர் ஆண்டில் ஒரு குழுவிலும் மறு ஆண்டில் வேறொரு குழுவிலும் ஆடியிருப்பின், அட்டையில் காணப்படும் குழுவின் பெயர் காலத்தைக் காட்டிவிடும். விற்பனையாளர் விளம்பரங்கள், நிறுவனத்தின் முகவரி மாற்றம், நீதிமன்றப் பதிவுகள் முதலியன புறச்சான்றுகளாக உதவுகின்றன.

படவட்டையின் மூதாதை புகையிலை வணிகத்தைச் சேர்ந்தது. மென்மையான சிகரெட் பொதி நசுங்காதிருக்க உள்ளே வைக்கப்பட்ட வெற்றட்டையில் படம் அச்சிடும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் உருவாயிற்று. வேர்ஜீனியா மாநிலத்து றிச்மன்ட் நகரிலிருந்த அலன் அன்ட் ஜின்ரர் நிறுவனம் 1880களில் இதனை ஒரு கலையாகவே வளர்த்தது. 1890 இல் பெரும் புகையிலை நிறுவனங்கள் ஒன்றிணைந்து அமெரிக்கன் ரொபாக்கோ கொம்பனி தோன்றியபின் அட்டைகள் அருகின. போட்டி ஒழிந்தவிடத்து வாடிக்கையாளரைக் கவரும் தேவையும் ஒழிந்தது போலும்! புதிய போட்டி தலைகாட்டிய 1909 ஆம் ஆண்டையொட்டி அவை மீண்டும் பெருகின. ஹொனஸ் வாக்னர் என்னும் ஆட்டக்காரரின் புகழ்பெற்ற அட்டை இக்காலத்ததே.

சூயிங்கத்துடன் அட்டை வழங்கும் முறை 1930களில் திடீரென முளைத்ததன்று. நியூயோர்க்கைச் சேர்ந்த கிறீன் அன்ட் பிளக்வெல் நிறுவனம் 1888 இலேயே அவ்வாறு வழங்கியுள்ளது. ஆயின் ஊதிக் குமிழியாக்கத்தக்க பசை பிந்தியது. பிலடெல்பியாவில் பிராங்க் பிளீர் 1906 இல் செய்த முதற்பசை அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டமையால் சந்தைக்கு வரவில்லை. அவரது நிறுவனத்தில் கணக்காளராயிருந்த 23 வயதினரான வோல்ரர் டீமர், 1928 இல் ஏற்ற கலவையைக் கண்டார். கைக்கெட்டிய சாயம் இளஞ்சிவப்பு ஒன்றே. இன்றளவும் பபிள்கத்துக்கு அந்நிறமே மரபாகியுள்ளமைக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. டீமர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை.

பொஸ்ரன் நகரின் கௌடி கம் கொம்பனி 1933 இல் வெளியிட்ட பேஸ்போல் தொகுதி, ஆய்வாளர் நின்று நோக்க வேண்டிய ஒன்று. பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்திலிருந்து, தொழிலாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்த ஆண்டு அது. அட்டைகளின் இலக்கங்கள் 240 வரை சென்றன. ஆனால் 106 ஆம் இலக்க அட்டை எந்தப் பொதியிலும் இல்லை. தொகுதியை நிறைவு செய்ய விரும்பிய சிறுவன் ஒவ்வொரு சதமாகச் செலவிட்டு, கிடைக்கவியலாத ஒன்றைத் தேடிக்கொண்டேயிருந்தான். அச்சகத்திலிருந்து வெட்டப்படாமலே எஞ்சிய முழுத்தாள்கள் இதனைத் தெளிவாக்குகின்றன. ஒரு தாளில் 24 அட்டைகளாகப் பத்துத் தாள்கள் அச்சிடப்பட்டன. 106 ஆம் அட்டை இல்லாதபோதும் 240 இடங்களும் நிரம்பியிருந்தன. ஏனெனில் பேப் றூத்தின் 144 ஆம் இலக்க அட்டை ஒரு தாளில் இருமுறை இடம்பெற்றது.

இதனைத் தவறென்பதிலும் உத்தி என்பதே பொருந்தும். குறை கூறிக் கடிதங்கள் வந்தபின், 1916 ஆம் ஆண்டுடன் ஆட்டத்திலிருந்து விலகிவிட்ட நப்போலியன் லாஜோயியின் படத்துடன் 106 ஆம் அட்டையை 1934 இல் அச்சிட்டு, எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும் நிறுவனம் தபாலில் அனுப்பியது. எஞ்சியுள்ள இவ்வட்டைகள் பலவற்றில் ஓரத்திலே கடதாசிக் கவ்வியின் தழும்பு உள்ளது. கடிதத்துடன் இணைத்து அனுப்பியதன் தடயம் அது. விலை பேசுவோன் பழுதென ஒதுக்கும் தழும்பு வரலாற்று மாணவனுக்குச் சான்றாகிறது.

வாணிப உத்தியை மட்டும் காட்டுவனவாக இவ்வட்டைகளை மதிப்பிடுதல் பொருந்தாது. பிலடெல்பியாவில் வாரன் பௌமன் நடத்திய கம் இன்கோப்பரேற்றட் நிறுவனம் 1938 இல் 'போரின் பயங்கரங்கள்' என்னும் பொருள்படும் தொகுதியை வெளியிட்டது. சீனத்திலும் ஸ்பெயினிலும் எதியோப்பியாவிலும் நிகழ்ந்த போர்களே பொருள். முதலாவது அட்டை, 1937 யூலையில் மார்க்கோ போலோ பாலத்தருகே சீனருக்கும் யப்பானியருக்குமிடையே மூண்ட மோதலைச் சித்திரித்தது. குண்டுவீச்சில் சிதறும் உடல்களும் எரியும் நகரங்களும் செந்நிறம் சற்றும் குறைவின்றித் தீட்டப்பட்டன. போரின் கொடுமையை அறிந்தவன் அமைதியை விரும்புவான் என்ற பொருள்படும் வாசகம் பின்புறத்தில் அச்சிடப்பட்டது. விளக்கங்களை எழுதிய ஜோர்ஜ் மோல் விளம்பரத்துறையினர். ஞாயிறு பாடசாலை ஆசிரியருமாவார். 240 அட்டைகளாக முடியவிருந்த தொகுதி, ஹிற்லரின் செக்கோசிலோவாக்கிய நெருக்கடியை உள்ளடக்கி 288 ஆக நீண்டது.

அமைதியைப் போதிக்கும் வாசகமும் குருதியை விற்கும் படமும் ஒரே அட்டையின் இருபுறங்களில் அமைந்தமை தற்செயலன்று. சந்தை இரண்டையும் ஒருங்கே தாங்கியது. யப்பானியப் படையை ஆக்கிரமிப்பாளராகவும் சீன மக்களைத் துன்புறுவோராகவும் ஐயத்துக்கிடமின்றிக் காட்டிய இப்படங்களை வாங்கிய சிறுவருள் பலர், ஐந்தாறு ஆண்டுகளுள் பசிபிக் போர்முனைக்குச் சென்ற வயதினர். ஐக்கிய அமெரிக்கா சட்டப்படி நடுநிலை வகித்த 1938 இல் அந்நாட்டுச் சிறுவரின் போர் பற்றிய மனப்படிமங்கள் யாவை என வினவுவோர்க்கு, நாடாளுமன்ற விவாதங்களினும் ஒரு சத அட்டையே நேரிய சான்று எனல் மிகையாகாது.

போர் வந்தபோது அட்டைத் தொழிலும் அதனுட் சிக்கியது. சூயிங்கப் பசைக்கு வேண்டிய மரப்பால் வகைகளுள் ஒரு பகுதி தென்கிழக்காசியாவிலிருந்தே வந்தது. 1942 இல் மலாயா யப்பானியர் வசமாயிற்று. சீனிக்கும் கடதாசிக்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. போர்த்தேவைக்கெனப் பழைய கடதாசி சேகரிக்கப்பட்டபோது, முந்திய பத்தாண்டு அட்டைகள் பலவும் கூழாயின. இன்றைய அருமை ஓரளவுக்கு அவ்வழிவின் விளைவே.

போருக்குப் பிந்திய போட்டி பௌமனுக்கும் புறூக்ளினைச் சேர்ந்த ரொப்ஸ் நிறுவனத்துக்குமிடையே நிகழ்ந்தது. ஆட்டக்காரரின் படத்தை அச்சிடும் தனியுரிமை எவருக்கு என்ற பிணக்கு நீதிமன்றுக்குச் சென்றது. 1953 இல் நீதிபதி ஜெறோம் பிராங்க் வழங்கிய தீர்ப்பில், ஒருவர் தம் உருவத்தின் வணிகப் பயனைப் பிறருக்கு வழங்கும் உரிமை முதன்முதலாகத் தனியொரு பெயர் பெற்றது. 1956 இல் ரொப்ஸ் தன் போட்டியாளரை விலைக்கு வாங்கியது. அதே நிறுவனம், 1952 இல் அச்சிட்டு விற்பனையாகாதிருந்த அட்டைப் பெட்டிகளைப் பின்னர் அத்திலாந்திக் கடலிற் கொட்டியது. அத்தொகுதியின் 311 ஆம் இலக்க மிக்கி மான்ரில் அட்டையொன்று 2022 இல் 1 கோடியே 26 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று.

இத்தகைய விலை ஆய்வுக்கு நன்மை செய்ததெனக் கூறமுடியாது. மிக உயர்ந்த விலைக்குக் கைமாறிய வாக்னர் அட்டையொன்றின் ஓரங்களைச் செம்மையாகத் தோன்றும்படி தாமே வெட்டியதாக வணிகர் ஒருவர் 2013 இல் நீதிமன்றில் ஒப்புக்கொண்டார். வெட்டப்பட்ட ஓரத்தோடு அச்சுத்தாளில் அவ்வட்டை இருந்த இடம் பற்றிய சான்றும் போய்விடுகிறது.

இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தி வகைப்படுத்தியவர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவரல்லர். நியூயோர்க் மாநிலத்துச் சைராகியூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலையொன்றிற் பணியாற்றிய ஜெபர்சன் பேர்டிக், 1939 இல் அட்டைகளின் பட்டியலொன்றை வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு ஓர் எழுத்து, இருபதாம் நூற்றாண்டினதற்கு வேறெழுத்து, பிற்காலச் சூயிங்க அட்டைக்கு இன்னோர் எழுத்து என அவர் வகுத்த முறையை இன்றும் ஆய்வாளரும் வணிகரும் பின்பற்றுகின்றனர். அரசர் உருவங்களுக்கும் இனிப்புப் பொதியின் படத்துக்கும் அவர் பட்டியலில் ஒரே மதிப்பு.

தாம் சேர்த்த 3,00,000க்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத்துண்டுகளையும் அவர் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் கலை நூதனசாலைக்கு வழங்கினார். அச்சுப்படப் பிரிவின் பொறுப்பாளரான ஹயற் மேயர் அவற்றை ஏற்றார். ஒழுங்குபடுத்தி ஒட்டும் பொறுப்பைப் பேர்டிக்கிடமே விட்டார். மூட்டுவாதத்தால் விறைத்த கைகளுடன் ஆண்டுக்கணக்கில் அவர் அங்கிருந்து தொகுப்பேடுகளில் அட்டைகளை ஒட்டினார். 1963 சனவரியில் கடைசி அட்டையை ஒட்டி முடித்து விடைபெற்றார். மார்ச் மாதத்தில் காலமானார்.